ஒரு கர்ப்பிணிக்குப் பின்னால் எத்தனை பேர்?



"டாக்டர் ஒருத்தர் இருந்தா போதாதா? மிட்வைஃப், நர்ஸ், பி.எச்.ஐ.ன்னு எதுக்கு இத்தனை பேர்?" என்று லயத்தில் சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்ல உங்களை யாழ்ப்பாணத் தீவுகளுக்குக் கொஞ்சம் அழைத்துப் போகிறோம்.

ஊர்காவற்றுறைக்கு ரோட்டில் போகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து படகு ஏற வேண்டும். நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கோ சுமார் ஒரு மணி நேரம். காற்று பலத்தால் படகு ஓடாது. நெடுந்தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் பிள்ளைப்பேற்றில் ஆபரேஷன் தேவைப்பட்டால் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

அங்கே ஒரு பெண் கர்ப்பமானால் முதலில் வீடு தேடி வருபவர் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நம்ம மிட்வைஃப் அம்மா. அவர் பெயரைப் பதிந்து அட்டை கொடுக்கிறார். கிளினிக்கில் பிரஷர், நிறை, சிறுநீர் எல்லாம் பார்த்து அந்த அட்டையில் எழுதுகிறார்கள். பிரஷர் ஏறினால் டாக்டர் யாழ்ப்பாணத்து விசேட வைத்தியரிடம் அனுப்புகிறார். அந்த வைத்தியர் தாயை முன்பின் கண்டதில்லை. அட்டையைப் பார்த்துத்தான் நிலைமையை அறிகிறார். பிள்ளை பிறந்து தாய் வீடு திரும்பியதும் மறுபடி மிட்வைஃப் அம்மா வந்து பார்க்கிறார்.

இதில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நோவு கண்ட பிறகுதான் ஆபத்து தெரியவரும். 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் கடல்மேல் ஓடாது. அவசரத்துக்குக் கடற்படைப் படகு உதவியதுண்டு. ஆனாலும் கடல் கொந்தளித்தால் அதுவும் சிரமமே. ஆகவே முன்கூட்டியே பேசி, நாள் நெருங்குமுன் தாயைக் கரை சேர்ப்பதுதான் புத்தி.

பி.எச்.ஐ.யின் வேலையும் சின்னதல்ல. தீவுகளில் பல கிணறுகள் உவர். அவர் குடிநீரைக் கவனிக்காவிட்டால், டாக்டர் வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

இந்தக் கூட்டுவேலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே வருகிறது.

நமக்குக் கடல் இல்லை. ஆனால் மழையில் மண் சரிந்த மலை ரோடும் ஒரு கடல்தானே? ஆகவே தாய்மாரே, தகப்பன்மாரே, இவற்றைச் செய்யுங்கள்:

• தோட்ட டிஸ்பென்சரியானாலும் டவுன் ஆஸ்பத்திரியானாலும் கிளினிக் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

• ஒரு இடத்தில் கொடுத்த மருந்தை இன்னொரு இடத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

• கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளைத் துடிப்புக் குறைதல் இருந்தால் மறுநாள் கிளினிக் வரை காத்திராதீர்கள். இரவானாலும் உடனே புறப்படுங்கள்.

• எந்த வண்டி, கூடப் போவது யார் என்று எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள்.

டாக்டரையும் மிட்வைஃப் அம்மாவையும் சேர்த்து வைக்கும் பாலம் அந்த அட்டை. அதை அடுப்படியில் நனைய விடாமல் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.