எழுதிய மருந்தும் எழுதாமற்போன மருந்தும்

மார்கழிப் பனியோடு போகிப் புகையும் சேர்ந்துகொள்ளும் நாட்களில், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள மாலைநேரக் கிளினிக்குகளுக்கு, "வீசிங் வந்திடுச்சு டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று வந்து நிற்கிறவர்களுக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரு டெரிஃபிலின் ஊசியும், நெபுலைசரில் சிறிது நேரப் புகையும், சில நாட்களுக்கான மாத்திரைகளுமே. அன்றிரவு உறக்கம் வருகிறது. வியாதி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆஸ்துமா என்பது சுவாசக் குழாய்களின் உட்சுவரில் ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. சால்பூட்டமால் என்னும் நிவாரணி, இறுகிய தசையைத் தளர்த்தி 4 முதல் 6 மணி நேரம் வரை ஆறுதல் தருமேயன்றி, அழற்சியை அது தொடுவதில்லை. அதைத் தணிக்க வல்லது, இன்ஹேலர் வழியாக உள்ளிழுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்தே. 1993இல் தோன்றிய 'ஜினா' என்னும் சர்வதேச அமைப்பு, ஆஸ்துமா சிகிச்சைக்கான நெறிமுறைகளை வகுத்துக் காலந்தோறும் திருத்தி வெளியிடுகிறது. பெரியவர்களிலும் வளரிளம் பருவத்தினரிலும் எவருக்கும் சால்பூட்டமாலை மாத்திரம் கொடுத்துச் சிகிச்சையை முடித்துவிடலாகாது என்று 2019இல் அது விதித்தது. அவ்வாண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியர். ஆஸ்துமா மரணங்களிலோ நம் தேசத்தின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் என்னை மிகவும் வருத்துகிறது.

வைத்தியர்களுக்கு இந்நெறிமுறை தெரியாதா? சிலருக்குத் தெரியாது, பலருக்குத் தெரியும். நெறிமுறைகளை வைத்தியர்கள் ஏன் பின்பற்றுவதில்லை என்று ஆராய்ந்து 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை ஒன்று, அறியாமையோடு மனப்பான்மையையும் புறச் சூழ்நிலைகளையும் தடைகளாகக் குறித்தது. வாசலில் வரிசை நீண்டிருக்கையில், இன்ஹேலரை எப்படிக் குலுக்குவது, எப்போது அழுத்துவது, மூச்சை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று பொறுமையாகக் கற்பிக்க அவகாசம் இல்லை. "பம்ப் பழகிப்போனால் விடாது" என்று வீட்டார் அஞ்சுகின்றனர். ஊசி போடாத டாக்டரை விட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்களோ என்ற கவலை டாக்டருக்கும் உண்டு. ஸ்டீராய்டு என்ற பெயரே பலரைக் கலங்க வைக்கிறது. ஆயினும், ஒருமுறை உள்ளிழுக்கும் புடசோனைடு என்னும் ஸ்டீராய்டு சாதாரணமாக 200 மைக்ரோகிராம். கடுமையான இழுப்புக்கு ஒரு நாளில் விழுங்கும் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையோ 40 மில்லிகிராம், அதாவது எடையளவில் அதைப்போல் 200 மடங்கு. இன்ஹேலரைத் தவிர்த்தவர்தாம், அடிக்கடி வரும் இழுப்புக்காக, அஞ்சிய அந்த ஸ்டீராய்டையே மிகுதியாக உட்கொள்ள நேரிடுகிறது.

இப்பிரதேசத்துக்கு மிகவும் அவசியமான விதி இன்னொன்று. வயது வந்தபின் புதிதாக ஆஸ்துமா கண்டவரிடம் அவருடைய தொழிலை விசாரிக்க வேண்டும் என்பது அது. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில், வர்ணம் தெளிக்கும் வேலையில் கலந்துவரும் ஐசோசயனேட்டும், ஈயப் பற்றவைப்பில் எழும் ரோசின் புகையும், மாவுத் தூசியும் சுவாசக் குழாயைப் பகைக்க வல்லவை. "ஞாயிற்றுக்கிழமை மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்கக் காசு செலவில்லை, கருவியும் வேண்டாம். விடுமுறையில் தணிந்து திங்களன்று திரும்பும் இளைப்பு, காரணம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழில்வழி வரும் ஆஸ்துமாவைத் தொழில்நோயாக இ.எஸ்.ஐ. திட்டமும் அங்கீகரிக்கிறது. அக்கேள்வி கேட்கப்படாமற்போவதை, மற்றெல்லாக் குறைகளினும் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

ஆதலின், இளைப்பினால் அவதியுறும் வாசகர்களே, அடுத்த முறை டாக்டரிடம் செல்கையில் இன்ஹேலரை உடன் கொண்டுபோய் அவர் முன்னிலையிலேயே இழுத்துக் காட்டுங்கள். செய்யும் வேலையை ஒளிக்காமற் சொல்லுங்கள். எழுதித் தந்த மருந்துகளில் அழற்சியைத் தணிப்பது எது என்று மரியாதையோடு கேளுங்கள். அப்படியொன்று சீட்டில் இல்லையானால், ஏன் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே வீடு திரும்புங்கள்.