படத்தின் பின்னால் நிற்கும் மலை

நீலகிரிப் பகுதியில் நான் பங்குப் பணியாற்றிய நாள்களில், ஒரு மாலைப்பொழுது, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் என்னைக் காண வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் செய்தித்தாளில் பொதிந்த பழைய புகைப்படம் ஒன்று. அவர் இலங்கையின் மலைநாட்டில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் அவரும் ஒருவர். படத்தில் நின்றவர் அவருடைய தந்தை. வேட்டியின்மேல் கறுப்புக் கோட்டு அணிந்து, ஒரு கடைத்தெருவின் நடுவே, கைகளை எங்கே வைப்பது என்று அறியாதவர்போல் நின்றிருந்தார்.

"எனக்கு மூணு வயசிலேயே அப்பா போயிட்டாரு சாமி. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டுப் பதுளைப் பக்கம் சொந்தக்காரங்க தோட்டத்துக்கு வந்துட்டாங்க. முந்தி இருந்தது எந்த ஊருன்னு நான் கேட்டு வச்சுக்கலே. அப்பாவைப் புதைச்ச ஊரு அதுதான். படத்தைப் பார்த்து ஊர்ப்பேரு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் ஓர் எழுத்தும் இல்லை. நம் வீடுகளில் உள்ள படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. யார் என்பது எல்லார்க்கும் தெரியும் என்ற எண்ணத்தில் பெயர் எழுதுவதில்லை. எங்கே என்பதை எழுத வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதே இல்லை.

ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைப் படத்தைக்கொண்டே கண்டுபிடிப்பதை ஒரு பொழுதுபோக்காகவே கொண்டவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். சுவீடன் நாட்டவர் ஒருவர் 2013-ல் உருவாக்கிய 'ஜியோகெஸ்ஸர்' என்னும் கணிப்பொறி விளையாட்டு, ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு சாலையைத் திரையில் காட்டி, இது எவ்விடம் என்று கேட்கிறது. அதில் தேர்ந்த இளைஞர்கள் மண்ணின் நிறத்தையும் மின்கம்பத்தின் வடிவத்தையும் கண்டே நாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்கு மாயவித்தை போல் இருக்கும். உண்மையில் அது கவனத்தின் பயன்.

தபால் பெட்டி பச்சை நிறமாயின் அயர்லாந்தாக இருக்கலாம். மைல்கல்லின் தலை மஞ்சளாயின் அது நம் நாட்டின் தேசிய நெடுஞ்சாலை; பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. சுவீடன் தெரு ஒன்றில் வண்டிகள் இடப்புறமாகச் செல்லுமானால், அப்படம் 1967 செப்டம்பர் 3-ஆம் நாளுக்கு முற்பட்டது. அன்றுதான் அந்நாடு முழுவதும் வலப்புறத்துக்கு மாறியது. பர்மா 1970-ல் மாறியது. ஆலயங்களும் உதவும் என்று நான் எண்ணியதுண்டு. பீடம் கிழக்கு நோக்கியும் முகப்பு மேற்கு நோக்கியும் அமைவது பண்டைய மரபல்லவா? ஆனால் நம் ஊர்களில் நிலம் கிடைத்த பக்கமெல்லாம் கோவில் கட்டியிருக்கிறோம். எனவே அந்தக் கணக்கை நம்பி நான் இருமுறை ஏமாந்தேன்.

நிழலைக் கொண்டு திசை காண்பதும் அப்படியே. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும் என்று மேனாட்டு நூல்கள் பொதுவாகச் சொல்லும். அவர்கள் வாழும் இடத்துக்கு அது பொருந்தும். தமிழகத்திலோ ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் சூரியன் நமக்கு வடபால் சாய்ந்து செல்வதால், நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. இதை அறியாமல் கோடைக்காலப் படமொன்றை ஆராய்பவர் தெற்கை வடக்கென்று கொள்வார்.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய படங்களில் சில, பிலிமைப் புரட்டிவைத்து அச்சிட்டதால் இடவலம் மாறியிருக்கும். பெண்களின் சேலைத் தலைப்பு எந்தத் தோளில் கிடக்கிறது, ஆண்களின் சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி மலைதான். கடைகள் இடிபடும், மரங்கள் வெட்டப்படும், தொடுவானத்துக் குன்றின் விளிம்பு மனித ஆயுளில் மாறுவதில்லை. அதுமட்டுமன்று. அருகே ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு பொருள்கள் படத்தில் இருந்தால், படம் எடுத்தவர் நின்ற இடமே அகப்பட்டுவிடும். திருச்சியை அறிந்தவர்கள் மலைக்கோட்டையையும் அதன் அருகிலுள்ள லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தையும் நினைத்துக்கொள்ளட்டும். நகரின் ஒரு புறத்திலிருந்து பார்த்தால் கோபுரம் பாறைக்கு இடப்பக்கம் தெரியும். மறுபுறம் சென்றால் வலப்பக்கம் தெரியும். இடையில் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். படத்தில் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவே விலகித் தெரியும் வரையில் நடந்து சென்றால், காமிரா நின்ற கோட்டை அடைந்துவிடலாம்.

இந்த எளிய முறை உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தின் கதையையே மாற்றியிருக்கிறது.

1936-ல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹங்கேரி நாட்டில் பிறந்த ராபர்ட் காப்பா என்ற 22 வயது இளைஞர் காமிராவுடன் அங்கே சென்றார். அவர் எடுத்த படமொன்று அவ்வாண்டு செப்டம்பர் 23-ல் பிரெஞ்சு இதழான 'வ்யூ'விலும், 1937 ஜூலையில் அமெரிக்க 'லைஃப்' இதழிலும் வெளிவந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த போராளி ஒருவர் புல் நிறைந்த மேட்டுச் சரிவில் பின்னோக்கிச் சாய்கிறார். வலக்கையிலிருந்து துப்பாக்கி நழுவுகிறது. குண்டு பாய்ந்த அதே நொடி என்று உலகம் நம்பியது. போர்ப் படங்களுள் இதனினும் புகழ்பெற்றது அரிது.

கொர்தோபா நகருக்கு அண்மையிலுள்ள செர்ரோ முரியானோ என்னுமிடத்தில் 1936 செப்டம்பர் 5-ல் நடந்த சண்டையில் இது எடுக்கப்பட்டது என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கையின்மேல் வேறொன்றும் கட்டப்பட்டது. அல்கோய் என்ற ஊரைச் சேர்ந்த மாரியோ புரோத்தோன்ஸ் என்பவர், சிறுவயதில் அச்சண்டையில் தாமும் இருந்தவர். அந்தப் போராளி அணிந்திருந்த தோல் தோட்டாப்பை தம் ஊர்க் கைவேலை என்று கண்டார். அன்று செர்ரோ முரியானோவில் மாண்ட அல்கோய் ஊரார் ஃபெடெரிக்கோ பொரெல் கார்சியா என்ற 24 வயது இளைஞர் ஒருவரே என்று அறிந்து, படத்திலிருப்பவர் அவரே என்று 1990-களின் நடுவில் அறிவித்தார். பொரெல் குடும்பத்தாரும் அவரை அடையாளம் கண்டனர். அறுபது ஆண்டுகளுக்குப்பின் பெயரற்றவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர்.

2007-ல் நியூயார்க் நகரில் நடந்த ஒரு கண்காட்சியில், அதே நாளில் அதே சரிவில் காப்பா எடுத்த மற்றப் படங்களும் வைக்கப்பட்டன. புகழ்பெற்ற படத்தில் மங்கலாய்த் தெரிந்த பின்னணி, இவற்றில் தெளிவாகவே தெரிந்தது. தொலைவில் ஒரு மலைத்தொடர்! பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹோசே மானுவேல் சுஸ்பெர்ரெகி அந்த மலைத்தொடரையே பற்றிக்கொண்டார். கொர்தோபா வட்டாரத்துச் சிற்றூர்களின் நூலகர்களுக்கும் உள்ளூர் வரலாறு அறிந்தவர்களுக்கும் படங்களை அனுப்பி, "இந்த மலை உங்கள் ஊரிலிருந்து தெரிகிறதா?" என்று கேட்டார். எஸ்பெஹோ என்ற ஊரிலிருந்து, தெரிகிறது என்று விடை வந்தது. சென்று பார்த்தவர்கள் படத்தையும் தொடுவானத்தையும் ஒப்பிட்டார்கள். குன்றுக்குக் குன்று, பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது. எஸ்பெஹோ, செர்ரோ முரியானோவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது! 2009-ல் இம்முடிவு வெளியாயிற்று.

இடம் மாறியதும் மற்றவையெல்லாம் ஆட்டங்கண்டன. செப்டம்பர் முற்பகுதியில் எஸ்பெஹோவில் போரே இல்லை. அம்மாத இறுதிப் பகுதியில்தான் சண்டை அவ்வூரை எட்டியது. படமோ 23-ஆம் நாளிலேயே பாரிசில் அச்சாகிவிட்டது. அப்படியாயின் அந்த மனிதர் எந்தக் குண்டால் வீழ்ந்தார்? பயிற்சியாக ஓடிக் காட்டினாரா? கால் இடறினாரா? தொலைவிலிருந்து மறைந்திருந்து எவரேனும் சுட்டிருக்கலாம் என்று காப்பாவின் அன்பர்கள் சிலர் வாதிட்டனர். 1947-ல் காப்பா அளித்த வானொலிப் பேட்டி ஒன்று 2013-ல் வெளிவந்தது. அதில் அவர் தாம் ஒரு பதுங்குகுழியில் இருந்ததாகவும், காமிராவைத் தலைக்குமேல் உயர்த்திப் பார்க்காமலேயே எடுத்ததாகவும் கூறுகிறார். படத்தின் மூலப் பிலிம் கிடைக்கவில்லை. காணாமற்போயிருந்த ஏறத்தாழ 4,500 பிலிம் சட்டங்கள் 2007-ல் மெக்சிகோவிலிருந்து மீண்டு வந்தபோதும் இது அவற்றில் இல்லை.

காப்பாவைப் பொய்யர் என்று ஒரு சொல்லில் ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. 1954-ல் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்து, படமெடுக்கும் தொழிலிலேயே உயிர்நீத்தவர் அவர். அந்தப் படத்தின் கீழே அச்சான வரிகளை முதலில் எழுதியவர் அவர்தாமா என்பதும் தெளிவாக இல்லை. மலை சொல்வது இடத்தை மட்டுமே. நோக்கத்தை அது சொல்லாது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பொரெல் குடும்பத்தின் நிலை. அல்கோய் இளைஞர் பொரெல் அன்று செர்ரோ முரியானோவில் இறந்தது உண்மை. 1937-ல் அவர் தோழர்களின் இதழொன்றில் வந்த குறிப்பு, அவர் ஒரு மரத்தின் பின்னே நின்று சுட்டுக்கொண்டிருந்தபோது வீழ்ந்தார் என்கிறது. காப்பாவின் படத்திலோ மரமே இல்லை, வெறும் புற்சரிவு. ஆக, இறந்தவருடைய மரணத்துக்குப் படம் இல்லை. படத்திலிருப்பவருக்குப் பெயர் இல்லை. வேறொருவர் வீட்டுப் பிள்ளையின் படத்தைத் தங்கள் பிள்ளையின் கடைசி நொடியாக அந்தக் குடும்பம் சில ஆண்டுகள் போற்றியிருக்கிறது. உண்மையைக் கண்டவர்கள் நன்மையே செய்தார்கள். எனினும் ஒரு வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டும் போனார்கள்.

இந்தக் கலைக்கு இன்று வேறொரு பயனும் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுமை இழைத்து அதைப் படமாக்கும் கயவர்களைப் பிடிக்க, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் பொதுமக்களின் உதவியை நாடிவருகிறது. குழந்தையும் குற்றமும் தெரியாதவாறு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பின்னணியிலிருந்த ஒரு பை, ஒரு திரைச்சீலை, சன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு கட்டடம் ஆகியவற்றை மட்டும் வெளியிடுகிறது. யாரோ ஒருவர், "இது எங்கள் ஊர்க் கடையில் விற்ற பை" என்று எழுதுகிறார். இவ்வழியில் குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதே கூர்மை தீயவன் கண்ணிலும் இருக்கலாம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது நலம். பள்ளிச் சீருடையுடன், வீட்டு வாசலில், தெருப்பெயர்ப் பலகை தெரியக் குழந்தையை நிறுத்திப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோமே!

மூதாட்டியின் படத்துக்கு வருகிறேன். தகரக் கூரைக் கடைகளின் மேலாக, மேகத்துக்கிடையே கூம்பு போன்ற ஒரு சிகரம் நின்றது. கோட்டின் மேற்பை இடமார்பில் இருந்ததால் படம் புரட்டி அச்சிடப்படவில்லை என்று தெளிந்தேன். மலைநாட்டில் அத்தகைய கூம்பு ஒன்றே நினைவுக்கு வரும்: 7,300 அடிக்கு மேல் உயர்ந்த சிவனொளிபாதமலை, நாம் ஆதாம் மலை என்போம். ஆனால் அது மிகத் தொலைவிலிருந்தும் தெரியும் மலை. எனவே சிகரத்தின் முன்னே படுத்திருந்த தாழ்ந்த குன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. பங்கிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத்தைக் கணிப்பொறியில் திறந்து, பல பக்கங்களிலிருந்தும் அம்மலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஹட்டன் பக்கம் பொருந்தவில்லை. நோர்வுட் பக்கமும் பொருந்தவில்லை. நான்கு மாலைகள் கழிந்தபின், மஸ்கெலியாவுக்கு அருகே ஓரிடத்தில் குன்றும் சிகரமும் படத்தில் உள்ளவாறே ஒன்றின்மேல் ஒன்று வந்து நின்றன.

மாணவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "ஃபாதர், இந்த இடத்தில் தெரு இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது" என்றார்.

மவுசாக்கலை அணை 1969-ல் கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிப்போயிற்று. இன்றைய நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. மூதாட்டியின் தந்தை கோட்டணிந்து நின்ற கடைத்தெரு, பதுளைப் பக்கத்தில் அவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாள்களிலேயே நீருக்கடியில் போய்விட்டது.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் அழவில்லை. ஊர்ப்பெயரை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "தண்ணி வத்துறப்போ தெரியுமா சாமி?" என்று கேட்டார்.

கடும் வறட்சிக் காலங்களில் பழைய கோவிலின் எச்சங்கள் வெளியே தெரிவதுண்டு என்றேன். கல்லறைகள் எங்கே இருந்தன என்பதைப் படம் காட்டவில்லை. தலையசைத்துவிட்டு, என் மேசைமேலிருந்த பேனாவைக் கொடுத்து, "எழுதிக் குடுங்க" என்று படத்தைத் திருப்பி நீட்டினார். வெறுமையாய் இருந்த அந்தப் பின்புறத்தில், "பழைய மஸ்கெலியா, கடைத்தெரு" என்று எழுதிக் கொடுத்தேன்.