குழந்தை முகம் பார்க்கிறதா?

நடை பழகும் குழந்தை கூடத்தில் தடுக்கி விழுகிறது. அந்தக் கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் உடனே அழாது. தலையைத் தூக்கி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். அம்மா "ஐயோ!" என்று பதறி ஓடிவந்தால் வீறிட்டு அழும். பாட்டி சிரித்தபடியே, "இந்தத் தரைதானே என் தங்கத்தை அடிச்சது?" என்று தரையில் ஓங்கித் தட்டினால், குழந்தையும் தன் பங்குக்கு ரெண்டு அடி போட்டுவிட்டு எழுந்து போய்விடும். அடி என்னவோ அதே அடிதான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் நால்வர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கட்டம் போட்ட மேசை, அதில் ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்துக்கு மேலே உறுதியான கண்ணாடி. தவழ்ந்து வரும் ஒரு வயதுக் குழந்தையின் கண்ணுக்குப் பள்ளம்தான் தெரியும். பெரிய ஆழம் இல்லை. போகலாமா வேண்டாமா என்று தயங்க வைக்கிற அளவுதான். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பார். வாய் திறக்கக் கூடாது, முகத்தால் மட்டுமே பேச வேண்டும். அம்மாவின் மலர்ந்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்டார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

சரி, மகிழ்ச்சியும் இல்லை, பயமும் இல்லை. எதையுமே காட்டாத முகமாக இருந்தால்?

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் அதையும் செய்து பார்த்தார். அம்மா குழந்தையைக் கொஞ்சி விளையாடிக்கொண்டே இருக்கிறார். பிறகு சில நிமிடங்கள் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் சோதனை. இதன் காணொளியை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது. விரலை நீட்டி எதையோ காட்டுகிறது. இரண்டு கைகளையும் அம்மாவை நோக்கி நீட்டுகிறது. ஒன்றும் பலிக்காதபோது கிறீச்சிடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கடைசியில் உடைந்து அழுகிறது. திட்டவில்லை, அடிக்கவில்லை. முகம் பதில் சொல்லவில்லை, அதற்கே இந்தப் பாடு. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருக்கும் நம் முகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக வேண்டாம். எந்நேரமும் சிரித்த முகமாக இருக்க யாராலும் முடியாது. நல்ல தாய்–சேய் உறவிலும் இருவரும் ஒத்துப்போகும் நேரத்தைவிடத் தவறவிடும் நேரமே அதிகம் என்று சொன்னதும் அதே ட்ரானிக்தான். தவறவிட்டதும் மறுபடி திரும்பிப் பார்க்கிறோமா என்பதே முக்கியம்.

திரும்பிப் பார்க்கவே முடியாத தாய்மார்களும் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வில் முகம் தானாகவே உறைந்துவிடும். அது அலட்சியம் அல்ல, நோய். நம் வீடுகளிலோ அதற்கு, "பிள்ளை பெத்தவளுக்கு என்ன மூஞ்சி இது?" என்ற ஏச்சுதான் கிடைக்கிறது. சுற்றியிருக்கும் இறுகிய முகங்களைப் பார்த்து அவள் முகம் இன்னும் இறுகுகிறது. அந்த முகத்தைத்தான் குழந்தை பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் எடை எவ்வளவு, மூக்கு யார் சாயல், முகம் பார்க்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அடுத்த முறை போகும்போது பெற்றவளின் முகத்தையும் பாருங்கள். "நீ தூங்குறியாம்மா? சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் அந்த முகம் வாடியே இருந்தால், மருத்துவரிடம் அழைத்துப்போகும்படி வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும்.