உடனடிப் படமும் அதன் உரிமையும்: கொண்டச்சிக் கரையிலிருந்து சில அவதானிப்புகள்

புகைப்படம் எடுத்தல் ஒளியைப் பதிவு செய்யும் தொழில்நுட்பம் மட்டுமன்று. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான சமூக உறவின் வெளிப்பாடுமாகும். கையால் இயக்கப்படும் பழைய உடனடிப்படக் கமராவைப் பழகுங்கால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. அக்கமராவைப் பயிலும் முறையையும், அப்பயிற்சி எழுப்பும் வினாக்களையும் கொண்டச்சியை முன்னிறுத்தி இங்கு நோக்குவோம்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பிரதேசத்தில் அமைந்தது கொண்டச்சி. அதன் குடாவில் நிகழ்ந்த முத்துக்குளிப்பை 1803இல் பெர்சிவலும் 1807இல் கோர்டினரும் தம் நூல்களில் விவரித்தனர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் இக்கடலிலிருந்து சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் எஞ்சிய ஒரு பங்கு குளியாளருக்கும் உரியனவாயின. 1912இல் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழ் இலங்கை முத்துக்குளிப்பைப் படங்களுடன் வெளியிட்டது. இத்தகைய படங்கள் குளியாளரைப் பற்றியவை, குளியாளருக்காக எடுக்கப்பட்டவையல்ல. சிப்பியில் மூன்றிலொரு பங்கு பெற்றவர்க்குத் தம் உருவில் அந்தப் பங்கும் கிட்டவில்லை எனலாம்.

எட்வின் லாண்ட் உருவாக்கிய முதலாவது பொலரொயிட் கமரா 1948இல் பொஸ்ரன் நகரில் விற்பனைக்கு வந்தது. படப்பொதியினுள்ளே காரத்தன்மை கொண்ட இரசாயனக் குழம்பு ஒரு சிறு உறையில் அடைக்கப்பட்டிருக்கும். படத்தை வெளியே இழுக்கும்போது இரு உருளைகள் உறையை நசுக்கி, நெகற்றிவுக்கும் தாளுக்குமிடையே குழம்பைப் பரப்பும். சிறிது நேரத்தின் பின் தாளை உரித்தெடுத்தால் படம் கிடைக்கும். 180, 195 ஆகிய பொலரொயிட் வகைகளில் வில்லைத் துவாரம், ஷட்டர் வேகம், குவிப்பு மூன்றையும் எடுப்பவரே அமைக்க வேண்டும். பொலரொயிட் நிறுவனம் 2008இல் உடனடிப் பிலிம் உற்பத்தியை நிறுத்தியது. ஃபூஜி நிறுவனம் 2016இல் உரித்தெடுக்கும் வகையையும் கைவிட்டது. ஆதலின் இக்கமராக்களைப் பயன்படுத்துவோரிற் பலர் இன்று காலாவதியான பொதிகளையோ, இன்ஸ்டாக்ஸ் பிலிமை ஏற்குமாறு மாற்றிய பின்பெட்டிகளையோ நாடுகின்றனர்.

பயிற்சியின் முதற்சிக்கல் ஒளியளவு பற்றியது. ஒளியுணர்திறன் 100 கொண்ட பிலிமுக்கு நேர்வெயிலில் எஃப் 16 துவாரமும் விநாடியின் 1/125 பங்கு வேகமும் தொடக்கக் கணக்காகும். ஆயினும் இக்கரையில் நாம் எடுத்த முதற்படங்களில் மணலும் கடலும் தெளிவாக விழுந்தன. முகங்களோ கருநிழலாய் நின்றன. காரணம் எளியது. ஒளிமானி தான் காணும் பரப்பு முழுவதையும் சாம்பல் நிறமாகக் கருதிக் கணக்கிடுகின்றது. வெண்மணல் அதன் பார்வையை நிறைக்குமாயின் ஒளியைக் குறைக்கும்படி கூறும். அக்குறைப்பின் சுமையைக் கருந்தோலே ஏற்கின்றது. மேலைநாட்டு வண்ணப்பட ஆய்வுகூடங்கள் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் படத்தையே நிறச் சரிபார்ப்புக்கு அளவாகக் கொண்டிருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

இதற்குக் கைவழித் தீர்வு உண்டு. எடுக்கப்படுபவரின் முகத்தில் விழும் அதே ஒளியில் உள்ளங்கையைப் பிடித்து அளந்து, கிடைத்த அளவிலிருந்து துவாரத்தை ஒரு படி திறத்தல் வேண்டும். உள்ளங்கையின் வெளிர்மை மக்களிடையே பெரிதும் வேறுபடாமையால் அது நம்பத்தக்க அளவுகோலாகின்றது. உடனடிப் பிலிம் தாங்கும் ஒளிவேறுபாடு குறுகியது. மணலும் முகமும் ஒருங்கே நிறைவாக அமைவது அரிது. எனவே ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். தானியங்கிக் கமரா நமக்காகச் செய்துவிடும் அத்தெரிவு, இங்கே நமது பொறுப்பாகின்றது.

வெப்பம் இரண்டாவது சிக்கல். இன்றைய பொலரொயிட் பிலிமுக்கு உற்பத்தியாளர் விதிக்கும் எல்லை 13 முதல் 28 பாகை செல்சியஸ். மன்னார்ப் பகற்பொழுதுகள் பல இதனைக் கடப்பன. பொதிகளைக் குளிர்பெட்டியில் வைத்தலும், காலையிலோ மாலையிலோ எடுத்தலும், வெளிவரும் படத்தை நிழலில் மூடி வைத்தலும் அவசியமாகும். உரித்தெடுக்கும் வகையில், வெப்பம் கூடுந்தோறும் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல் வேண்டும்.

எடுக்கப்பட்டவர் தம் படத்தை அக்கணமே கையிற் பெறுகிறார் என்பதால், இக்கருவி இயல்பாகவே சனநாயகத் தன்மை வாய்ந்தது என முடிவு கட்டலாமா? வரலாறு அதனை மறுக்கின்றது. 1970இல் அமெரிக்காவின் பொலரொயிட் ஊழியர்களான கரோலைன் ஹன்ரரும் கென் வில்லியம்சும், தம் நிறுவனத்தின் சாதனங்கள் தென்னாபிரிக்க நிறவெறி அரசின் அனுமதிப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்படுவதை அறிந்தனர். புரட்சித் தொழிலாளர் இயக்கம் ஒன்றை அமைத்துப் போராடினர். 1971இல் ஹன்ரர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1977இலேயே நிறுவனம் அந்நாட்டை விட்டு வெளியேறியது. கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அதே உடனடித்தன்மை பயன்பட்டது. கருவியன்று, அது இயங்கும் சமூக உறவுகளே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன.

மற்றொன்றும் மனங்கொளற்பாலது. வால்ட்டர் பெஞ்சமின் 1936இல் வெளியான தம் கட்டுரையில், இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் தனிமைப் பொலிவை அழிக்கின்றது என வாதிட்டார். உடனடிப் படமோ இயந்திரத்தால் உருவாகியும் பொதுவாக ஒரேயொரு பிரதியாகவே எஞ்சுகின்றது. சேகரிப்போர் இத்தனிமையைப் போற்றுவர். கொண்டச்சி மக்களுக்கு அதன் பொருள் வேறு. 1990 ஒக்தோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிக் கிராமங்களின் மக்களும் வீடுவாசல்களைத் துறந்து செல்ல நேர்ந்தது; பலர் புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்தனர்; 2009இன் பின்னரே பெருமளவிலான மீள்குடியேற்றம் சாத்தியமாயிற்று. கையிற் கொண்டதன்றி மற்றனைத்தையும் இழந்தோர் முன் 'ஒரே பிரதி' என்பது பெருமையன்று, ஆபத்து.

ஆகவே இக்கமராவைப் பழகுவோர் ஒரு நடைமுறையைக் கடைப்பிடிக்கலாம். ஒவ்வொருவரையும் இருமுறை எடுக்க வேண்டும். இரண்டில் நன்றாக அமைந்ததை அவரிடமே கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் அதனை எண்ணியற் பிரதி செய்து, அப்பிரதியையும் அவருக்கு வழங்க வேண்டும். நம்மிடம் எஞ்சும் படத்தை வெளியிட அவரது இசைவு வேண்டும். பிலிம் விலை இரட்டிக்கும் என்பது உண்மையே. எனினும் படத்தின் பங்கீட்டில் எடுக்கப்பட்டவர் முதல் உரிமையாளராக வேண்டுமெனில், அச்செலவு படமெடுப்பவர் ஏற்க வேண்டிய செலவேயாகும்.