கிரீஸ் தீவுகளுக்குக் கேட்டமரன் பயணம்: வாடகைக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை என்ன?

முனிர்கா (புதுதில்லி): கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லத் திட்டமிடும் இந்தியக் குடும்பங்களிடையே, பணியாளர்களுடன் கூடிய கேட்டமரன் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு அமர்த்தி கிரீஸ் தீவுகளைச் சுற்றிப் பார்க்கும் பயணம் கவனம் பெற்று வருகிறது. ஏதென்ஸ் நகருக்கு நேரடி விமானச் சேவையை இண்டிகோ நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் அறிவித்ததைத் தொடர்ந்து இந்த ஆர்வம் மேலும் கூடியுள்ளது. எனினும், விளம்பரத்தில் காணப்படும் வாரக் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. மீதமுள்ள செலவையும், எந்தத் தீவுக்குச் செல்ல முடியும் என்பதையும் வாடகை ஒப்பந்தமும், காற்றும், நுழைவு இசைவும் (விசா) தீர்மானிக்கின்றன.

முனிர்கா, ராமகிருஷ்ணபுரம் உள்ளிட்ட தெற்கு தில்லிப் பகுதிகளில் வசிக்கும் தமிழர்களுக்கு, கிரீஸ் தூதரகம் அமைந்துள்ள சாணக்கியபுரி சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. கடலோ பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. படகுப் பயணத்தில் முன் அனுபவம் இல்லாதவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன்பு அறிந்துகொள்ள வேண்டிய தகவல்கள் இங்கே தொகுத்தளிக்கப்படுகின்றன.

கேட்டமரன் என்பது கட்டுமரமா?

கேட்டமரன் என்ற ஆங்கிலச் சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து பிறந்தது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைப் பிணைத்துச் செய்யப்பட்ட மிதவையை இப்பெயரால் குறிப்பிட்டுள்ளார்.

ஆனால், இன்று கிரீஸில் வாடகைக்குக் கிடைக்கும் படகு அந்தக் கட்டுமரம் அல்ல. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படகு உடல்களை ஒரு மேல்தளத்தால் இணைத்த பாய்மரப் படகே அது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் உருவாக்கிய 'அமரிலிஸ்' என்ற இரட்டைப் படகு பந்தயத்தில் வென்ற பின்னர், மேற்குலகில் இவ்வகைப் படகுகள் பேசப்படலாயின. பசிபிக் தீவு மக்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரட்டைப் படகுகளில் நெடுந்தூரம் பயணம் செய்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இரட்டை உடல் அமைப்பால் படகு ஒருபுறம் சாய்வது குறைவு. குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றி நடமாடலாம். நீரில் அமிழும் ஆழம் குறைவு என்பதால் கரைக்கு நெருக்கமாக நங்கூரமிடலாம். அதேசமயம், அகலம் அதிகம் என்பதால் சிறிய துறைமுகங்களில் கோடைக்காலத்தில் இடம் கிடைப்பது கடினம். எதிர்காற்றில் செல்லும்போது அலைகள் நடுத்தளத்தின் அடியில் மோதி அதிர்வை ஏற்படுத்தும்.

வாடகை முறைகள் எத்தனை?

வாடகை முறை பொதுவாக மூன்று வகைப்படும். படகை மட்டும் பெற்று, உரிமம் பெற்றவர் தாமே செலுத்துவது முதல் வகை. படகுடன் ஒரு கேப்டனை மட்டும் அமர்த்திக்கொள்வது இரண்டாவது வகை. கேப்டனுடன் சமையலரும் உதவியாளரும் இருப்பது மூன்றாவது வகை. படகு செலுத்தும் உரிமம் இல்லாத இந்தியக் குடும்பங்களுக்குப் பின்னைய இரு வகைகளே பொருந்தும்.

நாற்பது முதல் ஐம்பது அடி வரை நீளமுள்ள கேட்டமரன்களில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து அறைகள் இருக்கும். பணியாளர்களுக்குத் தனி அறை உள்ளதா, அல்லது விருந்தினர் அறைகளில் ஒன்றை அவர்கள் பயன்படுத்துவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பத்து பேருக்கு இடமுள்ள படகு என்று விளம்பரப்படுத்தப்பட்டது, நடைமுறையில் எட்டு பேருக்கு மட்டுமே போதுமானதாக அமையலாம்.

பயணம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனிக்கிழமை காலை நிறைவடையும். படகு வெள்ளிக்கிழமை மாலையே புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், ஏழு நாள் வாடகையில் சுற்றிப் பார்ப்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு நாள்கள்தான்.

மொத்தச் செலவு எவ்வளவு?

வாரக் கட்டணத்துடன் மூன்று தொகைகள் சேர்கின்றன. முதலாவது, மதிப்புக் கூட்டு வரி. கிரீஸில் இதன் பொது விகிதம் 24 சதவீதம். பயணத்தின் தன்மையைப் பொறுத்து குறைந்த விகிதம் பொருந்தும் நேர்வுகளும் உண்டு. எந்த விகிதம், அது கட்டணத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும்.

இரண்டாவது, ஏபிஏ எனப்படும் முன்கூட்டிய செலவுத்தொகை. எரிபொருள், உணவு, குடிநீர், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்காகக் கேப்டனிடம் முன்னதாக ஒப்படைக்கப்படும் தொகை இது. வாடகையில் 20 முதல் 35 சதவீதம் வரை கேட்கப்படுவது வழக்கம். பயண முடிவில் கேப்டன் கணக்குக் காட்டி மீதியைத் திருப்பித் தருவார்; குறைந்தால் கூடுதலாகச் செலுத்த வேண்டும். சில படகுகளில் இதற்கு மாற்றாக, காலை உணவும் மற்றொரு வேளை உணவும் அடங்கிய கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. மூன்றாவது, பணியாளர்களுக்கான அன்பளிப்பு. இது கட்டாயமல்ல எனினும், மத்திய தரைக்கடல் பகுதியில் வாடகையில் 5 முதல் 15 சதவீதம் வரை அளிப்பது மரபாக உள்ளது.

எடுத்துக்காட்டாக, வார வாடகை 15,000 யூரோ என்று கொள்வோம். வரி 12 சதவீதம் எனில் 1,800 யூரோ. முன்கூட்டிய செலவுத்தொகை 30 சதவீதம் எனில் 4,500 யூரோ. அன்பளிப்பு 10 சதவீதம் எனில் 1,500 யூரோ. மொத்தம் 22,800 யூரோ. கணக்கிடும் வசதிக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் எனக் கொண்டால், 15 லட்சம் ரூபாய் என்று எண்ணியது 22.8 லட்சம் ரூபாயாகிறது. எட்டு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 2.85 லட்சம் ரூபாய். விமானக் கட்டணம், நுழைவு இசைவு, காப்பீடு ஆகியவை இதில் அடங்கா.

படகின் நீளத்தைப் பொறுத்து கிரீஸ் அரசு வசூலிக்கும் பயணக் கட்டணமும் உண்டு. ஏழு மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு இது பொருந்தும். இதை ஏற்பது உரிமையாளரா, பயணியரா என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது எப்படி?

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இதற்கு நிரந்தரக் கணக்கு எண் (பான்) கட்டாயம்.

சுற்றுலாவுக்காக இவ்வாறு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைக் கடந்தால், கூடுதல் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது மூலத்தில் வசூலிக்கப்படும் வரி பிடிக்கப்படும். ஏழு லட்சம் ரூபாயாக இருந்த இந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. இந்திய நிறுவனங்கள் விற்கும் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கான விகிதத்தை, வரம்பு ஏதுமின்றி 2 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பிப்ரவரியில் தாக்கலான நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் அன்பளிப்பு நீங்கலாக 21.3 லட்சம் ரூபாயையும் ஒருவரே படகு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினால், 11.3 லட்சம் ரூபாய்க்கு 20 சதவீதம், அதாவது 2.26 லட்சம் ரூபாய் பிடிக்கப்படும். இது கூடுதல் வரி அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது ஈடுசெய்துகொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனாலும், அதுவரை பல மாதங்களுக்கு அத்தொகை முடங்கிக் கிடக்கும். பயணிகள் தத்தம் பங்கைத் தத்தம் கணக்கிலிருந்தே அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு பொருந்தும். விகிதங்கள் நிதியாண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் வங்கியிடம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

காற்று எந்தத் தீவுக்கு அழைத்துச் செல்லும்?

தமிழகக் கடலோர மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு, அதற்கேற்பத் தொழிலுக்குச் செல்வர். ஏஜியன் கடலிலும் அவ்வாறே. அங்கு கோடையில் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கு 'மெல்டெமி' என்று பெயர். வானம் தெளிவாக இருக்கும்போதே, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இது தொடர்ந்து சில நாள்களுக்குக் கடுமையாக வீசக்கூடும்.

மிக்கோனோஸ், பாரோஸ், நக்ஸோஸ், சாண்டோரினி ஆகிய புகழ்பெற்ற தீவுகள் அடங்கிய சிக்லடீஸ் தீவுக்கூட்டம் இக்காற்றின் நேர்வழியில் உள்ளது. ஏதென்ஸிலிருந்து சாண்டோரினி ஏறத்தாழ 120 கடல் மைல், அதாவது 220 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் சென்றால் ஒருவழிக்கு 17 மணி நேரம் ஆகும். திரும்பும்போது காற்று எதிராக இருக்கும். சாண்டோரினியின் எரிமலைப் பள்ளத்தில் கடல் மிக ஆழமாக இருப்பதால் நங்கூரமிடுவதும் கடினம். ஏதென்ஸிலிருந்து புறப்பட்டு ஒரு வாரத்தில் சாண்டோரினி சென்று திரும்பலாம் என்ற வாக்குறுதியை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும்.

முதன்முறையாகச் செல்வோருக்கு, ஏதென்ஸுக்கு அருகிலுள்ள சரோனிக் வளைகுடாவும், மேற்கிலுள்ள அயோனியன் தீவுகளும் ஒப்பீட்டளவில் அமைதியானவை. ஏஜினா, போரோஸ், ஹைட்ரா ஆகிய சரோனிக் தீவுகள் ஏதென்ஸிலிருந்து சுமார் 40 கடல் மைலுக்குள் உள்ளன. ஜூன், செப்டம்பர் மாதங்களில் காற்றின் வேகமும் கூட்டமும் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

பயணப் பாதை குறித்த இறுதி முடிவு கேப்டனுடையது. துறைமுக அதிகாரிகள் புறப்பாட்டுக்குத் தடை விதிக்கவும் கூடும். வானிலை காரணமாக ஒரு தீவு தவறினால், அதற்காகக் கட்டணத்தைத் திரும்பக் கோர முடியாது என்பதே ஒப்பந்தங்களின் பொதுவான நிலைப்பாடு. ஆகவே, குறிப்பிட்ட ஒரு தீவுக்காக மட்டுமே படகை அமர்த்துவது ஏமாற்றத்தில் முடியலாம்; அத்தகையோருக்குப் பயணிகள் கப்பலும் விடுதியும் செலவு குறைந்த வழியாகும்.

நுழைவு இசைவில் கவனிக்க வேண்டியது என்ன?

கிரீஸ் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த நாடு. பெரியவர்களுக்கான நுழைவு இசைவுக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோவாக உள்ளது. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு படகுப் பயணத்துக்கும் நீர் விளையாட்டுகளுக்கும் பொருந்துமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

தங்குமிடச் சான்று கோரப்படும்போது விடுதி முன்பதிவுக்குப் பதிலாகப் படகு ஒப்பந்தத்தை இணைக்க வேண்டியிருக்கும். எனவே, பயணிகள் அனைவரின் பெயர்களும் கடவுச்சீட்டில் உள்ளவாறே அதில் இடம்பெற வேண்டும்.

கோஸ், ரோட்ஸ் போன்ற தீவுகள் துருக்கிக் கரைக்கு மிக அருகில் உள்ளன. ஒருமுறை மட்டும் நுழைய இசைவு பெற்றவர் ஒரு நாள் துருக்கி சென்றுவிட்டால், மீண்டும் கிரீஸுக்குள் நுழைய முடியாது. துருக்கிக்கும் தனி இசைவு தேவை.

கையெழுத்திடுவதற்கு முன்பு...

பெரும்பாலும் ஒப்பந்தத்தின்போது பாதித் தொகையும், பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு மீதியும் கோரப்படும். இசைவு மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே விடை இருக்க வேண்டும். இந்தியப் பயணிகளுக்கு இதுவே மிகப்பெரிய இடர். படகின் பெயர், பதிவு எண், கேப்டனின் தகுதி, ரத்து விதிகள், எரிபொருள் வரம்பு ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தத்திலுள்ள நிறுவனத்தின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறுபட்டால் பணம் அனுப்பக் கூடாது.

உணவு விருப்பத்தை முன்கூட்டியே கேட்டுப் படிவம் அனுப்புவது பணியாளர்களுடன் கூடிய படகுகளில் வழக்கம். சைவ உணவு, ஒவ்வாமை, குழந்தைகளின் வயது, நீந்தத் தெரியாதோர் எத்தனை பேர் ஆகியவற்றை அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சிறு தீவுகளில் இந்திய மளிகைப் பொருள்கள் கிடைப்பது அரிது என்பதால், தேவையான மசாலாப் பொருள்களை உடன் எடுத்துச் செல்வது உகந்தது.