வெங்காயக் கொட்டிலுக்கு நெளித்தகட்டுக் கூரை

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர், அடுத்த போகத்துக்குரிய விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டுக் காப்பது வழக்கம். கூரை ஒழுகினால் விதை அழுகும். விதை அழுகினால் கடன்பட்டு விதை வாங்க நேரிடும். ஆகவே கொட்டிற் கூரையும் பயிர்ச்செய்கையின் ஒரு பகுதியே எனக் கொள்ளல் வேண்டும்.

முன்னாளிற் பனையோலையாலும் கிடுகாலும் வேயப்பட்ட கொட்டில்கள் பல இப்பொழுது நெளித்தகடுகளால் மூடப்படுகின்றன. அடிக்கடி வேயும் செலவு இதனாற் குறைகின்றது. எனினும் ஓலை காற்றைச் சிறிது ஊடே செல்லவிடும், தகடு விடாது. புயற்காற்று தகட்டை மேல்நோக்கித் தூக்க முயலும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நம் வடபகுதியையும் தாக்கிற்று. 2020 டிசெம்பரில் ‘புரேவி’ புயல் இலங்கையின் வடகீழ்க் கரையைக் கடந்தது. இத்தகைய காற்றுக்கு எதிராகக் கூரையின் பலம், அதனைக் கப்பு வரை பிணைக்கும் கட்டிலேயே தங்கியுள்ளது.

புதிய கூரை

கப்புகளை ஆழமாக நட்டு, அடியைச் சீமெந்துக் கலவையால் இறுக்குக. கப்பையும் வளையையும், வளையையும் கைமரத்தையும், கைமரத்தையும் குறுக்குச் சலாகையையும் இரும்புப் பட்டியால் அல்லது முறுக்கிய கம்பியாற் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. ஐந்தடி அகலத்துக்கு ஓரடியேனும் சரிவு இருத்தல் நன்று. சலாகைகளின் இடைவெளியைத் தகடு செய்தோர் குறித்த அளவுக்கு மேற்படவிடலாகாது.

மாரி மழை வாடைக்காற்றுடன் வடகிழக்கிலிருந்து வருவது. ஆகையால் தென்மேற்கு முனையில் தொடங்கி, வடகிழக்கு நோக்கித் தகடுகளை அடுக்குக. பின்வரும் தகடு முன்வைத்த தகட்டின்மேல் ஒன்றரை நெளி அகலம் ஏறவேண்டும். அப்பொழுது மூட்டின் வாய் காற்றுக்கு மறுபுறமாக அமையும். கீழ்வரிசையை முதலில் இட்டு, மேல்வரிசையை அதன்மேல் ஆறு அங்குலம் ஏற்றுக.

ஆணியையும் திருகாணியையும் நெளியின் மேட்டிலேயே இறக்குதல் வேண்டும். இதனை யான் பட்டே அறிந்தேன். எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குத் தகரம் இட்டபோது, எளிதென எண்ணிப் பள்ளத்தில் ஆணி அறைந்தோம். முதல் மாரியிலேயே துளைகள் வழியே நீர் கசிந்து, தொங்கவிட்டிருந்த விதையிற் பாதி அழுகிற்று. பள்ளமே நீர் ஓடும் வழி என்பதை அன்று நாம் சிந்திக்கவில்லை. ஒவ்வொரு திருகாணிக்கும் இறப்பர் வாசர் இடுக. அது நசுங்குமளவுக்கு இறுக்கற்க. முகட்டிலும் தாழ்வார ஓரத்திலும் காற்று முதலிற் பிடிக்குமாதலால், அங்கே திருகாணிகளை நெருக்கமாக இடுக.

பழைய கூரை

ஓலையை நீக்கியதும் மரங்களைத் தட்டிப் பார்த்து, கறையான் அரித்தவற்றை மாற்றுக. ஓலைக்கு இட்ட உருண்டைக் கம்புகள் ஏற்றத்தாழ்வாக இருக்கும். அவற்றின்மேல் தகட்டை நேரே வைத்தால் மூட்டுகள் வாய் பிளக்கும். நேரான சலாகைகளைப் புதிதாக அடித்து, நூல் பிடித்து மட்டஞ் செய்தபின்னரே தகட்டை ஏற்றுக.

பழைய கூரை கல்நார் எனப்படும் அஸ்பெஸ்ரஸ் தகடாயின் மிகுந்த அவதானம் வேண்டும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக் கூடியன என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. தூளை மூச்சுடன் உட்கொள்வதே ஆபத்து. ஆகையால் அத்தகட்டை அறுத்தலும், துளைத்தலும், உலரத் துடைத்தலும் ஆகா. கழற்ற நேர்ந்தால் நீரால் நனைத்து, உடையாமல் இறக்கி, தடித்த பொலித்தீனாற் சுற்றுக. சாதாரணத் துணி முகமூடி இத்தூளைத் தடுக்காது. உடைந்த துண்டுகளைத் தோட்டத்து வரம்பிலோ ஒழுங்கையிலோ இடாது, அகற்றும் முறையைப் பிரதேச சபையிடம் கேட்டறிக. பழைய கல்நார்த் தகடும் சீமெந்துத் தகடும் ஆளின் பாரத்தில் உடையக்கூடியன. சலாகைகளின்மேற் பலகை இட்டே நடத்தல் வேண்டும்.

வெப்பத்துக்குப் பரிகாரம்

தகட்டின் கீழ் பகலில் வெப்பம் மிகும். இரவில் நீர் வியர்த்துச் சொட்டும். இவ்விரண்டும் வெங்காயத்துக்குத் தீங்கு. எனவே முகட்டின் கீழ் இருபுறமும் காற்று வழி விட்டு, தகட்டின் கீழே கிடுகை ஒரு தட்டாகக் கட்டுக. வெங்காயப் பிடிகள் தகட்டைத் தொடாது ஒரு முழமேனும் தாழத் தொங்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதிக்குள் காற்றடங்கிய காலைப் பொழுதுகளில் இவ்வேலையை முடித்துக்கொள்க. ஆண்டுக்கொரு முறை திருகாணிகளையும் கட்டுக் கம்பிகளையும் பார்த்து, துருப்பிடித்தவற்றை மாற்றுக. விதை காத்தவனே விளைவு காண்பான்.