பஸ் எத்தனை, வேன் எத்தனை?

தெரிந்த எண்களையும் தெரியாத எண்ணையும் சமக்குறியால் இணைப்பது சமன்பாடு. தெரியாத எண் அதில் முதல் அடுக்கில் மட்டுமே வந்தால், அது ஒருபடிச் சமன்பாடு.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில், பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் 13 கட்டடங்களில் மொத்தம் 18,720 பேர் தங்கலாம். எல்லாக் கட்டடங்களிலும் ஒரே அளவு இடம் எனக் கொண்டு, ஒரு கட்டடத்தில் தங்குவோரை ‘த’ எனக் குறித்தால், 13த = 18,720. இருபுறமும் 13ஆல் வகுத்தால் த = 1,440.

இருபுறமும் ஒரே செயலைச் செய்தால் சமநிலை குலையாது என்பதே இதன் அடிப்படை. ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்வதும் இதன் சுருக்கம்தான். த + 5 = 12 என்பதில் 5 இடம்பெயர்வதில்லை; இருபுறமும் 5 கழிக்கப்படுகிறது.

தெரியாதவை இரண்டானால் ஒரு சமன்பாடு போதாது. ஒரு தொழிற்சாலை, ஷிப்டுக்கு 1,200 பேரை 30 வண்டிகளில் அழைத்து வருவதாகக் கொள்வோம். பஸ்ஸில் 50 பேர், வேனில் 20 பேர். எல்லா இருக்கைகளும் நிரம்பியுள்ளன. பஸ்களை ‘ப’, வேன்களை ‘வ’ என்போம்.

ப + வ = 30
50ப + 20வ = 1,200

முதல் சமன்பாட்டை மட்டும் பார்த்தால் 15 பஸ், 15 வேன் என்பதும் பொருந்தும். 25 பஸ், 5 வேன் என்பதும் பொருந்தும். இரண்டாவதே விடையை ஒன்றாக்குகிறது. முதலாவதை 20ஆல் பெருக்கினால் 20ப + 20வ = 600. இதை இரண்டாவதிலிருந்து கழிக்க, வ நீங்கி, 30ப = 600. ஆகவே பஸ் 20, வேன் 10. இது நீக்கல் முறை. வ = 30 − ப என எழுதி இரண்டாவதில் இட்டாலும் அதே விடை வரும்; அது பிரதியிடல் முறை. வரைபடத்தில் இவை இரு நேர்கோடுகள். அவை வெட்டும் புள்ளியே தீர்வு.

கோடுகள் எப்போதும் வெட்டுவதில்லை. ப + வ = 30, ப + வ = 32 என்பவை இணைகோடுகள்; தீர்வே இல்லை. 2ப + 2வ = 60 என்பது முதல் சமன்பாட்டின் இரட்டிப்பு மட்டுமே; புதிய தகவல் எதுவும் அதில் இல்லாததால் தீர்வுகள் எண்ணற்றவை. எனவே சமன்பாடுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது; அவை ஒன்றோடொன்று முரண்படாமலும், ஒன்றிலிருந்து மற்றொன்று வராதபடியும் இருக்க வேண்டும்.

விடைக்கு நடைமுறைப் பொருளும் வேண்டும். 1,200க்குப் பதில் 1,210 பேர் என்றால் ப = 20⅓. சமன்பாட்டுக்கு இது சரியான தீர்வு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு பஸ் ஓடாது. எல்லா இருக்கைகளும் நிரம்பின என்ற அனுமானமே தவறு என்று அந்தப் பின்னம் காட்டிவிடுகிறது.

இவ்வகைக் கணக்கு பழமையானது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ ஒருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க விதி தருகிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் ‘பீஜகணித’த்தில், பல தெரியாதவற்றுக்கு நிறங்களின் பெயர்களைச் சூட்டி, அவற்றின் முதல் அசைகளைக் குறியீடாக்கினார். பழஞ்சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ நூல் எண்களை வரிசையாக அடுக்கி நீக்கல் முறையைக் கையாண்டது. இன்று கணிதவியலாளர் காஸ் பெயரால் வழங்கும் அம்முறையைக் கொண்டு ஆயிரக்கணக்கான மாறிகள் உள்ள தொகுப்புகளையும் கணினிகள் தீர்க்கின்றன.